பரீட்சைப் பயம் எங்கே உற்பத்தியாகிறது தெரியுமா?

பசறையில் தேயிலைத் தொழிற்சாலை எங்கே என்று கேட்டால் சின்னப்பிள்ளையும் கைகாட்டும். பரீட்சைப் பயத்தின் தொழிற்சாலை எங்கே? சிறுநீரகத்தின் உச்சியில்! அங்கே இருக்கும் அட்ரினல் சுரப்பியின் எடை சுமார் 5 கிராம்தான். மேசையில் ஒட்டிய சுட்டெண்ணைப் பார்த்ததும் நெஞ்சு படபடக்கிறதே, அதில் இந்த 5 கிராமுக்கும் பங்கு உண்டு!

நேற்றிரவு சரியாகச் செய்த கணக்கு, மண்டபத்தில் வராதது ஏன்? மறக்கவில்லை! கணக்குப் போட வேண்டிய மூளை, "பெயிலானால் அப்பா என்ன சொல்வார்?" என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. இடமே இல்லை!

பயமே கூடாதா? யார் சொன்னது! 1908இல் யெர்க்ஸ், டொட்சன் என்ற இருவர் எலிகளை வைத்துச் சோதித்தார்கள். அதுவும் "நடன எலிகள்"! கடினமான வேலையைக் கற்க, கொடுத்த மின்னதிர்ச்சி மிகக் குறைந்தாலும் ஆகவில்லை, கூடினாலும் ஆகவில்லை. நடுத்தரம்தான் வென்றது!

நம் ஊர்ப் பயம் எந்த வயதில் தொடங்குகிறது? பத்தில்! தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை ஆண்டுக்கு சுமார் 3 லட்சம் பிள்ளைகள் எழுதுகிறார்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டுவது ஏறக்குறைய 50 ஆயிரம் பேர். மிச்சப் பிள்ளைகள்? பெறுபேறு வந்த அன்று லயம் முழுக்க, "எத்தனை புள்ளி?" என்ற ஒரே கேள்வி! பத்து வயதுக்கு இது கொஞ்சம் ஓவர் இல்லையா? பரீட்சை நெருங்கும்போது டியூஷன் வகுப்புகளுக்கு அரசாங்கமே தடை போடுகிறது என்றால் பாருங்களேன்!

தென்கொரியாவில் இன்னும் விசேஷம். பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சையில் ஆங்கிலம் கேட்டெழுதும் நேரத்துக்கு விமானங்கள் இறங்குவதும் ஏறுவதும் நிறுத்தம்!

சரி, மருந்து? வெறும் 10 நிமிடம்! பரீட்சைக்குச் சற்று முன் மனத்திலுள்ள கவலையையெல்லாம் தாளில் கொட்டி எழுதிய மாணவர்கள் கூடுதல் புள்ளி எடுத்தார்கள். ரமிரெஸ், பெய்லொக் 2011இல் வெளியிட்ட ஆய்வு இது. அதிகம் பயந்தவர்களுக்கே அதிகப் பலன்!

இன்னொன்று: "பதறாதே" என்று தனக்குத்தானே சொன்னவர்களைவிட, "எனக்கு உற்சாகமாக இருக்கிறது!" என்று சொன்னவர்கள் கணக்கை நன்றாகச் செய்தார்கள். அலிசன் வுட் புரூக்ஸ், 2014. அம்மாமார் கவனிக்க!

திரும்பத் திரும்ப வாசிப்பதா, கடந்தகால வினாத்தாள் செய்வதா? 2006இல் ரோடிகர், கார்பிக்கி சோதித்தார்கள். ஐந்து நிமிடத்தில் கேட்டால் வாசித்தவர் முன்னே. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தன்னைத்தானே சோதித்துப் பார்த்தவர் முன்னே! வீட்டில் பத்துத் தடவை எழுதிப் பார்த்த பிள்ளைக்கு மண்டபமும் பழகிய இடம்தானே?

உயர்தரம் எத்தனை தடவை எழுதலாம்? மூன்று! ஒரு தடவை தவறினால் உலகம் முடிந்துவிடாது. கணித மேதை, கும்பகோணத்து ராமானுஜன், அன்றைய கல்லூரிப் பரீட்சையான எஃப்.ஏ.யில் தேறவேயில்லை. கணிதத்தில் அல்ல, மற்றப் பாடங்களில்! 1918இல் அவர் லண்டன் ரோயல் சொசைட்டி உறுப்பினர்!

மனசு தாங்கவில்லையா? தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைக்கலாம். எத்தனை மணிக்கு? நடுச்சாமத்திலும்!