பிள்ளைக்குப் பித்தப்பை நீக்கம்: குழாயை எப்படி மூடுகிறார்கள்?

பித்தப்பைக் கல் பெரியவர்களுக்கு மட்டுமே வரும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பிள்ளைகளுக்கும் வரும். தலசீமியா போன்ற நோய்களில் இரத்தச் சிவப்பணுக்கள் சீக்கிரமே சிதைகின்றன. அதில் உண்டாகும் பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் பித்தத்தில் சேர்ந்து கல்லாகிறது. உடல் பருமனும் ஒரு காரணம். சாப்பிட்ட பின் வலப்பக்க விலாவுக்குக் கீழே அடிக்கடி வலி, வாந்தி, கண் மஞ்சளாவது போன்றவை இருந்தால், வாயு என்று தைலம் தடவி விட்டுவிடாமல் கிளினிக்கில் காட்டுங்கள். பெரும்பாலும் ஸ்கேனில் கல் தெரிந்துவிடும்.

கல் தொல்லை கொடுத்தால் பித்தப்பையையே எடுத்துவிடுவது வழக்கம். பித்தத்தைச் சுரப்பது ஈரல். பித்தப்பை அதைச் சேர்த்து வைக்கும் பை மட்டுமே. அது இல்லாமலும் பிள்ளை நன்றாகச் சாப்பிட்டு வளரலாம். 1985இல் ஜெர்மனியில் எரிக் மூஹே என்ற மருத்துவர் இதைத் துளைவழியாக முதன்முதலில் செய்தார். இன்று வயிற்றில் மூன்று, நான்கு சிறு துளைகள் போட்டு, கேமராவில் பார்த்தபடி செய்கிறார்கள்.

பையை வெட்டி எடுக்குமுன் இரண்டை மூட வேண்டும். ஒன்று பித்தப்பையின் குழாய்; மற்றது அதற்கு இரத்தம் கொண்டுவரும் நாளம். நாளம் சரியாக மூடாவிட்டால் இரத்தம் கசியும். குழாய் மூடாவிட்டால் பித்தம் வயிற்றுக்குள் கசியும்.

மூடுவதற்கு மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது கிளிப். சிறிய டைட்டானியம் கிளிப்பைக் குழாயில் கவ்வவிடுவார்கள். வேலை விரைவில் முடியும். கிளிப் உடலிலேயே இருந்துவிடும்; அபூர்வமாக நழுவுவதும் உண்டு.

இரண்டாவது நூல் முடிச்சு. வீங்கித் தடித்த குழாய்க்குக் கிளிப் எட்டாதபோது இது கைகொடுக்கும். நேரமும் கைத்திறனும் கூடுதலாகத் தேவை.

மூன்றாவது வெப்பம். மின்சாரத்தாலோ, நொடிக்குச் சுமார் 55,000 முறை அதிரும் கருவியாலோ சுவர்களை ஒட்டவைத்து மூடுவார்கள். உடலுக்குள் எதுவும் தங்காது. ஆனால், பிள்ளைகளின் வயிற்றில் இடம் குறைவு. முக்கியப் பித்தக் குழாய் மிக அருகில் இருக்கிறது. வெப்பம் அதைத் தொட்டால் புதிய சிக்கல். அதனால் சில மருத்துவர்கள் நாளத்தை வெப்பத்தாலும் குழாயைக் கிளிப்பாலும் மூடுகிறார்கள்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வழி சிறந்தது என்று சொல்ல முடியாது. குழாயின் பருமன், வீக்கம், மருத்துவரின் பழக்கம் ஆகியவற்றைப் பொறுத்தது அது. கையெழுத்துப் போடுமுன், “குழாயை எதனால் மூடப் போகிறீர்கள் டாக்டர்? உள்ளே ஏதாவது தங்குமா?” என்று தயங்காமல் கேளுங்கள்.

பெற்றோரின் பெரிய பொறுப்பு வீடு திரும்பிய பின்தான் தொடங்குகிறது. பல பிள்ளைகள் ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். பித்தக் கசிவோ பெரும்பாலும் முதல் வாரத்தில்தான் தெரியவரும். வலி குறையாமல் கூடுவது, காய்ச்சல், வயிறு உப்புவது, ஓயாத வாந்தி, கண் மஞ்சளாவது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் மறு சந்திப்புத் தேதிவரை காத்திருக்காதீர்கள். உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். கசிவைச் சீக்கிரம் கண்டால் சரிசெய்யலாம்; தாமதித்தால் வயிறு முழுக்கக் கிருமி பரவும்.

பாலிங், கோலக்கெட்டில் பக்கத் தோட்டங்களிலிருந்து நள்ளிரவில் சுங்கை பட்டாணிக்கோ அலோர்ஸ்டாருக்கோ போவது எளிதல்ல. அந்த ஒரு வாரத்திற்கு யாருடைய காரைக் கூப்பிடுவது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நிலைமை மோசமானால் 999 எண்ணை அழையுங்கள்.