பயற்றங்காய் வேரில் என்ன முண்டு?

பேராக்கில் ரப்பர் கன்றுகள் நட்ட நிலத்தில் மண்ணே தெரியாதபடி பச்சைக் கொடி படர்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அது களை இல்லை, வேண்டுமென்றே விதைத்த கொடி. பியூரேரியா, காலப்போகோனியம் என்று பெயர். இரண்டுமே நம் பயற்றங்காய்க்குச் சொந்தம். மழை மண்ணை அரிக்காமல் காப்பதோடு ரப்பருக்கு உரமும் சேர்க்கும்.

ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா, பாட்டி இருந்தால் கேளுங்கள். பால் வெட்டி வந்த கையோடு, லயத்து வீட்டின் பின்னால் மரவள்ளி, கீரை, பயற்றங்காய் போடுவார்கள். ஒரு வீட்டில் காய்த்தது அக்கம்பக்கத்துச் சமையலுக்கும் போகும்.

நிலத்தையே கூட்டாக வாங்கியவர்களும் உண்டு. 1950களில் பெரிய தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது, பாட்டாளிகள் வேலையும் வீடும் இழந்து தவித்தார்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டியவர்கள் மிச்சம்பிடித்த வெள்ளியில் பங்கு வாங்கினார்கள். சங்கம் தோட்டங்களை வாங்கியது.

சரி, அந்தப் பச்சைக் கொடிகள் ரப்பருக்குச் சேர்க்கும் உரம் எங்கிருந்து வருகிறது? காற்றிலிருந்து! காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். ஆனால் அதன் அணுக்கள் இரண்டிரண்டாக இறுகப் பிணைந்திருப்பதால் செடியால் நேரே எடுத்துக்கொள்ள முடியாது. பயற்று வேரில் முண்டுகளை உண்டாக்கி உள்ளே குடியேறும் ரைசோபியம் என்ற பாக்டீரியா அந்தப் பிணைப்பை உடைத்து அம்மோனியாவாக்கித் தருகிறது. செடி பதிலுக்குச் சர்க்கரை தருகிறது. நைட்ரஜன் உரமான யூரியாவை அள்ளிப் போட்டால் இந்த ஏற்பாடு குலைந்துவிடும். நைட்ரஜன் சும்மா கிடைக்கும்போது செடி முண்டுகளைக் குறைத்துக்கொள்ளும்.

பூக்கும் பருவத்தில் ஒரு பயற்றங்காய்ச் செடியை, பெரியவர்களிடம் கேட்டுவிட்டு, மண்ணோடு தோண்டி எடுங்கள். வேரைத் தண்ணீரில் அலசினால் மிளகளவு முண்டுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பா? நம் இரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் அது. பாக்டீரியா மும்முரமாக வேலை செய்கிறது என்று பொருள். பச்சையோ பழுப்போ என்றால் வேலை ஓய்ந்துவிட்டது.

இப்போது பல குடியிருப்புகளில் 'கெபுன் கொமுனிட்டி' என்று பொதுத் தோட்டம் போடுகிறார்களே, அங்கே அறுவடை முடிந்ததும் பயற்றுக் கொடியை வேரோடு பிடுங்காதீர்கள். தண்டை மட்டும் வெட்டுங்கள். வேர் மண்ணிலேயே மக்கட்டும். அடுத்து அந்தப் பாத்தியில் கீரை விதைப்பவர் யாராக இருந்தாலும், வேரில் மிஞ்சிய நைட்ரஜன் அவர் கீரைக்குச் சேரும்.