கட்டாக்காலி

எமது கிழக்குக் கரையில் வழங்கும் பொருள் நிறைந்த சொற்களுள் ‘கட்டாக்காலி’ ஒன்று. காலி என்பது ஆநிரை. கட்டப்படாது திரியும் ஆநிரை கட்டாக்காலி. கல்முனை மாநகர சபையும் அயலிலுள்ள சபைகளும் அத்தகைய மாடுகளைப் பிடித்து அடைப்பதையும், உரியவரிடம் தண்டம் அறவிடுவதையும் நாம் அறிவோம்.

அச்சொல்லின் முழுப்பொருளையும் அண்மையிலேதான் யான் உணர்ந்தேன். அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்கு வாடகைக் காரின் முன்னாசனத்தில் அமர்ந்து வந்தேன். ஆசனப்பட்டியை இழுத்தபோது சாரதி சிரித்தார். “பொலிஸ் நிக்கிற இடம் இன்னும் தூரம் சேர், அங்க போய்ப் போட்டாப் போதும்” என்றார். முப்பதாண்டாக மாணாக்கருக்கு ஒழுக்கம் உரைத்துவந்த யானும் மறுமொழியின்றிப் பட்டியை விடுத்தேன். நிந்தவூர் கடந்ததும் இருளினின்று மாடொன்று குறுக்கிட்டது. சாரதி பிரேக்கை மிதித்தார். மாடு பிழைத்தது, என் நெற்றி கண்ணாடியில் மோதியது. மூன்று தையல்.

அன்றிரவு அவ்வீதியில் கட்டாக்காலி இரண்டு இருந்தன: ஒன்று மாடு, மற்றது பண்டிதர்.

வண்டி சட்டென நின்றாலும் உள்ளிருப்போன் உடல் வந்த வேகத்திலேயே முன்செல்லும். அதனைத் தடுக்க, மார்பையும் இடுப்பையும் ஒருங்கே பிணிக்கும் மும்முனைப் பட்டியைச் சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் நில்ஸ் போலின் 1959 இல் வொல்வோ நிறுவனத்திற்காக அமைத்தார். அந்நிறுவனம் அதனைத் தனக்கே உரியதாகப் பூட்டிவையாது, பிறரும் கையாள விட்டது. 1970 இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் பட்டி அணிதலைச் சட்டமாக்கியது. முன்னாசனத்தில் இருப்போர் விபத்தில் இறக்கும் அபாயத்தைப் பட்டி ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கும் என்கின்றது உலக சுகாதார நிறுவனம்.

நமது நாட்டில் 2011 இல் வந்த விதி சாரதியையும் முன்னாசனத்தாரையும் கட்டுப்படுத்தியது. அதிவேக நெடுஞ்சாலைகளிற் செல்லும் பயணிகள் யாவரும் பட்டி அணிதல் வேண்டும் என 2025 இல் விதிக்கப்பட்டது. எமது கரையிலோ அதிவேக நெடுஞ்சாலை இல்லை. குடும்பம் முழுவதும் வானில் ஏறிக் கலியாணத்துக்குச் செல்லும் வீதி, கடைத்தெருக்களை ஊடறுத்துச் செல்லும் பிரதான வீதியே. பின்னாசனத்துக் குழந்தையின் உயிர் இங்கு மட்டும் மலிவானதா?

போக்குவரத்துச் சட்டத்தை இயற்றுவது பாராளுமன்றம், நடைமுறைப்படுத்துவோர் பொலிஸார். ஆயினும் உள்ளூராட்சி மன்றங்கள் வாளாவிருத்தல் தகாது. எல்லா வீதிகளிலும் எல்லா ஆசனங்களுக்கும் விதி விரிய வேண்டுமெனத் தீர்மானம் நிறைவேற்றி அரசுக்கு அனுப்பலாம். முதலிலே தம் வாகனச் சாரதிகளையும் உறுப்பினர்களையும் பட்டி அணியச் செய்யலாம். ஊரவர் தெரிந்தெடுத்த சபை துணைநிற்கின், கடுமையான சட்டமும் ஊரவர்க்கு அந்நியமாய்த் தோன்றாது.

என் நெற்றித் தழும்பு ஆறிவிட்டது. இப்பொழுதெல்லாம் பட்டியை மாட்டிய பின்னரே, “போகலாம் தம்பி” என்கின்றேன். மாட்டைக் கட்டச் சொல்லும் சபைகள், மனிதரையும் கட்டிக்கொள்ளச் சொல்லட்டும்.