மனநலச் சட்டம் பேப்பரில் பலமா இருக்கு... வேடந்தாங்கல் வரை வந்துச்சா?

வேடந்தாங்கல் பக்கம் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்வோம். 24 வயது இளைஞர் பத்து நாளாகத் தூங்கவில்லை. யாரோ தன்னைக் கொல்ல வருவதாகச் சொல்கிறார். ‘காத்துக் கருப்பு பட்டிருக்கும், கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க’ என்கிறார் பாட்டி. ‘ஆஸ்பத்திரிக்குப் போனா பைத்தியம்னு பேர் வந்துடும்டா’ என்கிறார் அப்பா.

இப்படி ஒரு வீட்டுக்கு மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017 எந்த அளவுக்கு உதவுகிறது?

ஏர்வாடி எழுப்பிய கேள்வி

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்பி ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அப்போதும் ஒரு சட்டம் இருக்கத்தான் செய்தது. ஆனால், 1987-ம் ஆண்டின் அந்தச் சட்டம் காப்பகங்களுக்கான உரிமம், நோயாளிகளைச் சேர்க்கும் நடைமுறை பற்றித்தான் அதிகம் பேசியது. அதற்குப் பதிலாக வந்து, 2018-ல் அமலானதுதான் இப்போதைய சட்டம். இது நோயாளியின் உரிமையிலிருந்து தொடங்குகிறது.

என்னென்ன உரிமைகள்?

* யாரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது (பிரிவு 95).
* சிகிச்சைக்காக யாரும் நீண்ட தூரம் அலையக் கூடாது. வசிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அது கிடைக்க வேண்டும் (பிரிவு 18).
* உடல்நோய்க்குத் தருவதைப் போலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் (பிரிவு 21).
* தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும். அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை (பிரிவு 115).

நடைமுறையில் என்ன சிக்கல்?

முதல் சிக்கல், தூரம். அந்த இளைஞரை மதுராந்தகம் வழியாகச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும் என்றால், கூட வருபவருக்கு ஒரு நாள் கூலி போச்சு. மாத்திரை வாங்க ஒவ்வொரு முறையும் இதே கதைதான். இதைச் சரிசெய்யத்தான் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. ஆனால், நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர்தான் இருக்கிறார் என்று 2023-ல் நாடாளுமன்றக் குழு சொன்னது. 

இரண்டாவது, மனநல மறுஆய்வு வாரியம். விருப்பமில்லாமல் சேர்க்கப்பட்டவர் ‘என்னை விடுங்க’ என்று முறையிட வேண்டிய இடம் இது. ஆனால், பல மாநிலங்களில் வாரியங்கள் தாமதமாகத்தான் அமைந்தன. உள்ளே இருப்பவருக்கு இப்படி ஒரு வாரியம் இருப்பதே தெரியாவிட்டால், அந்த உரிமையால் என்ன பயன்?

மூன்றாவது, வீடு திரும்புவது. நாட்டின் 46 அரசு மனநல மருத்துவமனைகளிலும் நிலைமை மோசம் என்றும், குணமானவர்களையும் சட்டவிரோதமாக வைத்திருக்கிறார்கள் என்றும் 2023-ல் தேசிய மனித உரிமை ஆணையம் கண்டித்தது. வீட்டில் ஏற்க ஆள் இல்லை என்றால், வார்டே வீடாகிவிடுகிறது.

கோவளத்தில் ஒரு வழி

இதற்கு ஒரு பதில் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இருக்கிறது. 1993-ல் சென்னையில் தொடங்கிய ‘தி பான்யன்’ அமைப்பு, கோவளத்திலும் பல ஆண்டுகளாக இயங்குகிறது. அதன் ‘ஹோம் அகெய்ன்’ திட்டத்தில், மருத்துவமனையில் நெடுநாள் இருந்தவர்கள் சிலர் சேர்ந்து, ஊருக்குள் சாதாரண வீட்டில், தேவையான உதவியோடு வாழ்கிறார்கள். சமைக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் இதை நல்ல முன்மாதிரிகளில் ஒன்றாகக் குறிப்பிட்டது. சமூகத்தோடு சேர்ந்து வாழும் உரிமையை 19-வது பிரிவு எல்லோருக்கும் தருகிறது. அதை நடத்திக் காட்டும் பொறுப்பைத் தொண்டு நிறுவனங்களிடமே விட்டுவிட முடியாது.

நீங்க இன்னைக்கே செய்யக்கூடியது

அரசு செய்ய வேண்டியது நிறைய. ஆனால், 14-வது பிரிவு தரும் ஒரு உரிமைக்கு யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். ‘என்னால் முடிவெடுக்க முடியாத நேரத்தில் இவர் எனக்காகப் பேசட்டும்’ என்று ஒருவரை உங்கள் பிரதிநிதியாக நியமிக்கலாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து அல்லது கைநாட்டு வைத்தால் போதும். அவர் 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும், எழுத்துப்பூர்வமாகச் சம்மதிக்கவும் வேண்டும். வேண்டாம் என்றால் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

எழுதி வைக்காவிட்டால் பொதுவாக அந்த இடத்துக்கு உறவினர் வருவார். நம் இளைஞருக்கு அப்பாவைவிட அக்கா மீது நம்பிக்கை அதிகமாக இருக்கலாம். அதை அவர் தெளிவாக இருக்கும்போதே எழுதி வைத்தால்தான் உண்டு.

எங்கே போவது என்று தெரியாத வீடுகளுக்கு முதல் படி: அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. கோயிலுக்குப் போவதை யாரும் தடுக்கவில்லை. அதற்கு முன்னால் ஒரு போன் பண்ணிடுங்க.