கொல்லையில் வளர்க்கத்தக்க பானச் செடிகள்

தேயிலைப் பானம் இக்காலத்தில் பட்டணவாசிகளுக்கு மாத்திரம் உரியதன்று. 1930களில் தேயிலைப் பிரசாரகர்கள் தென்னிந்திய ஊர்களில் இலவசமாகத் தேநீர் காய்ச்சிக் கொடுத்துப் பழக்கியதன் பலன் இன்று மூலைமுடுக்குகளையும் எட்டியிருக்கிறது. தர்மபுரிக்கும் பென்னாகரத்துக்கும் இடைப்பட்ட இண்டூர்ப் பிரதேசத்திலும், வயலுக்குப் புறப்படுமுன் ஒரு குவளை, களையெடுக்க வந்த ஆட்களுக்கு முற்பகலில் ஒரு குவளை, பொழுது சாய்ந்தபின் ஒரு குவளை என்று அது குடியானவர் வீடுகளில் நிலைத்துவிட்டது. தூளுக்கும் சர்க்கரைக்கும் ஆகும் செலவைக் கணக்குப் பார்க்கும் இல்லத்தரசிகள், கொல்லையிலேயே ஏதாவது வளர்த்துக்கொள்ளலாகாதா என்று விசாரிப்பது நியாயமே.

தேயிலைச் செடியையே வைத்துப் பார்க்கலாமென்று நீலகிரியிலிருந்து கன்று கொணர்ந்து தொட்டியில் நடுவோரும் உண்டு. அது வீண் பிரயாசை. தேயிலை புளிப்பான மண்ணை விரும்பும் செடி. மண்ணின் கார அமில நிலை 4.5 முதல் 5.5 வரை இருக்கவேண்டும். மழையும் ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டருக்குக் குறையாமல், பல மாதங்களில் பரவிப் பெய்யவேண்டும். தர்மபுரி மாவட்டத்தில் பெய்வது ஏறக்குறைய 850 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி இரு பருவங்களில் முடிந்துவிடும். கிணற்று ஜலத்தின் உப்பும் காரமும் வேரடியில் சேரச் சேர இலை வெளுத்துச் செடி தேய்ந்துபோகும். தப்பிப் பிழைத்தாலும், ஒரு கிலோ தூளுக்கு நாலு முதல் நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்பதை நினைத்தால், தொட்டியில் நிற்கும் இரண்டு செடிகளால் ஆவதொன்றுமில்லை.

இப்பக்கத்தார் தேயிலையை மட்டாக வைத்துக்கொள்வதற்குச் செலவைக் காட்டிலும் முக்கியமான வேறொரு காரணம் உண்டு. பூமிக்கடியிலுள்ள பாறைகளிலிருந்து கரைந்து வரும் புளோரைடு என்னும் உப்பு, தர்மபுரி மாவட்டத்தின் அநேக ஆழ்துளைக் கிணறுகளில் அளவுக்கு மிஞ்சிக் காணப்படுகிறது. குடிநீரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு ஜலம் கிடையாதவிடத்து 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். மிஞ்சினால் குழந்தைகளின் பற்களில் கறை படியும். பல்லாண்டுகள் தொடர்ந்தால் எலும்பும் மூட்டும் இறுகிக் குனிய நிமிர இயலாமற்போகும். இத்தீங்கை நீக்கும் பொருட்டே ஒகேனக்கல்லிலிருந்து காவேரி ஜலத்தைக் குழாய் வழியே கொணரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியுடன் நிறைவேற்றப்பட்டு, 2013ஆம் ஆண்டில் தொடங்கிவைக்கப்பட்டது.

தேயிலைச் செடியோ இந்தப் புளோரைடை மண்ணிலிருந்து உறிஞ்சி இலையில் திரட்டி வைக்கும் இயல்புடையது. கொழுந்தைவிட முற்றிய இலையில் அது அதிகம். தூளைக் கொதிக்கவைத்தால் அதில் பெரும்பகுதி ஜலத்தில் இறங்கிவிடும். ஆகவே, ஆழ்துளைக் கிணற்று ஜலத்தில் மலிவான தூளைப் போட்டுக் கறுக்கக் காய்ச்சிக் குடிப்பவருக்கு ஜலத்திலிருந்து ஒரு பங்கும் இலையிலிருந்து ஒரு பங்குமாக அந்த உப்பு இரு வழியில் சேர்கிறது. துளசி, எலுமிச்சம்புல் முதலியவை தேயிலையைப்போல் அதைத் திரட்டுவதில்லை.

இதைக்கொண்டு, மூலிகை போட்டுக் காய்ச்சிவிட்டால் ஜலம் சுத்தமாகிவிடும் என்று எண்ணுவது தவறு. குடத்தில் துளசியிலை போட்டுவைப்பதை நம்பி இருக்கலாகாது. கொதிக்கவைப்பதால் கிருமிகள் சாகுமேயன்றிப் புளோரைடு ஆவியாகப் போகாது. ஜலம் சுண்டச் சுண்ட அது செறிவாகும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் உள்ள ஜலத்தைப் பாதியாக வற்றவைத்தால் அது 3 மில்லிகிராம் ஆகும். நாலிலொன்றாக வற்றவைக்கும் கஷாயத்திலோ 6 மில்லிகிராம். பெரியோர் கஷாயம் காய்ச்சிய முறையைக் குறைகூற வேண்டியதில்லை. ஆனால் அதற்கு ஊற்றும் ஜலம் எது என்று பார்க்கவேண்டும். செடிகளுக்குக் கிணற்று ஜலத்தையே பாய்ச்சலாம். பானத்துக்குக் காவேரிக் குழாய் ஜலத்தையோ, சுத்தமாகப் பிடித்துவைத்த மழைநீரையோதான் உபயோகிக்கவேண்டும்.

இனி, செடிகளைப்பற்றி. இண்டூர்ப் பக்கத்துச் செம்மண்ணுக்கும் வெயிலுக்கும் மிகவும் ஏற்றது எலுமிச்சம்புல். இது விதையைவிடத் தூர் பிரித்து நடுவதால் எளிதில் வரும். பழைய குத்து ஒன்றைத் தோண்டி, வேருடன் கூடிய இரண்டு மூன்று துளிர்களாகப் பிரித்து, மேலிலையைப் பாதியாக நறுக்கிவிட்டு, மழை தொடங்கியதும் ஒன்றரை அடி இடைவெளியில் ஊன்றலாம். கொல்லைக்குள் இடமில்லாவிட்டால் வரப்பின் ஓரத்தில் நட்டால் மண் அரிப்பையும் தடுக்கும். வேர் அழுகுமாதலால் ஜலம் தேங்கலாகாது. மூன்று மாதத்தில் முதல் அறுப்புக்கு வரும். தரையோடு ஒட்ட அறுக்காமல் நாலு விரற்கடை விட்டு அறுத்தால் மறுபடி தழைக்கும். மூன்று நாலு வருஷத்துக்கொருமுறை குத்தைக் கிளப்பிப் பிரித்து நடாவிட்டால் நடுவில் காய்ந்து போகும். ஒரு குடும்பத்துக்கு நாலு குத்துகள் தாராளம்.

துளசியைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாடத்தில் இல்லாத வீடு அரிது. ஆயினும் பூஜைக்கு வளர்க்கும் ஒரு செடியையே பானத்துக்கும் பறித்தால் அது மொட்டையாகி நின்றுவிடும். தனியே ஐந்தாறு செடிகள் வேண்டும். விதை மிகச் சிறியதாகையால் மணலுடன் கலந்து தூவி, மேலே மெல்லிய மக்கிய எரு மூடி, பூவாளியால் தெளிக்கவேண்டும். ஆழமாகப் புதைந்தால் முளைக்காது. ஆறு வாரத்துக் கன்றை ஓரடி இடைவிட்டு நடலாம். கதிர் தோன்றத் தோன்றக் கிள்ளிவந்தால் இலை பெருகும். விதைக்கென்று ஒரு செடியை மாத்திரம் கிள்ளாமல் விடவேண்டும்.

புதினாவுக்கு ஈரமும் அரைநிழலும் தேவை. பாத்திரம் கழுவும் ஜலம் ஓடும் வாய்க்காலின் ஓரத்தில் தண்டை ஒடித்து ஊன்றினாலே படரும். ஆனால் சோப்பு ஜலம் நேரே பாயும் இடம் கூடாது. இஞ்சிக்கு இப்பக்கத்து வெயில் கடுமை. முருங்கை அல்லது வாழையின் நிழலில், வடிகாலுள்ள மேட்டுப்பாத்தியில் வைத்தால் எட்டு ஒன்பது மாதத்தில் கிழங்கு எடுக்கலாம். கற்பூரவல்லிக்கு ஓர் உடைந்த குடம் போதும்.

செம்பருத்தி வேலியோரத்தில் போத்து ஊன்றி வளர்ப்பது. ஒற்றையடுக்குச் சிவப்புப் பூவின் இதழ்களை வெந்நீரில் போட்டு, ஆறியபின் எலுமிச்சஞ்சாறு சில துளி பிழிந்தால் மங்கிய நிறம் பளிச்சென்று சிவக்கும். புளிப்புப் பட்டதும் இதழின் சாயம் மாறுவதே இதற்குக் காரணம். பிள்ளைகள் இதை விரும்பிக் குடிக்கிறார்கள். இச்செடியில் வெள்ளையாக மாவுப்பூச்சி அடைவது சாதாரணம். உண்ணும் பூவாதலால் மருந்து தெளிக்கக்கூடாது. பீடித்த நுனிகளை நறுக்கி எரித்துவிட்டு, மற்றவற்றை ஜலத்தைப் பீய்ச்சிக் கழுவவேண்டும். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தில் மிச்சத்தைக் கொல்லையில் அடித்துத் தீர்க்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. பானச் செடி வைத்துள்ள இடத்தில் இது பெரும் ஆபத்து.

ஆவாரை பயிரிடாமலே தரிசுகளில் மண்டிக் கிடக்கிறது. ஒருகாலத்தில் அதன் பட்டை தோல் பதனிடுவதற்காக வண்டி வண்டியாகச் சென்றது. இப்போது பூவைக் காயவைத்துப் பானமிடுவோர் பெருகிவிட்டனர். எப்போதாவது ஒரு குவளை குடிப்பதில் தவறில்லை. நீரிழிவு தீர்ந்துவிடும் என்று நம்பி நாள்தோறும் குடித்து, வைத்தியர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடுவது விபரீதம். கர்ப்பிணிகளும் நெடுநாள் மருந்து சாப்பிடுவோரும் எந்த மூலிகைப் பானத்தையும் வைத்தியரைக் கேட்டே வழக்கமாக்கிக்கொள்ளவேண்டும்.

அரளியும் நித்தியகல்யாணியும் அழகுக்காக அதே கொல்லைகளில் நிற்பவை. இரண்டும் விஷச் செடிகள். அரளியில் ஓர் இலைகூடப் பானத்தில் கலக்கலாகாது. சருகாகிவிட்டால் இலைகளை அடையாளம் காண்பது கடினமாதலால், பானச் செடிகளை இவற்றுக்குத் தூரமான பாத்தியில் வைப்பதும், இலை பறிப்பதைச் சிறு பிள்ளைகளிடம் விடாதிருப்பதும் உத்தமம்.

பறிக்கும் வேளை காலையில் பனி உலர்ந்தபின், வெயில் ஏறுமுன். வாசனை தரும் தைலம் வெயிலில் பறந்துவிடுமாதலால், வெய்யிலில் காயவைத்த துளசி வைக்கோலுக்குச் சமம். கழுவி, ஈரம் வடித்து, காற்றோட்டமான தாழ்வாரத்தில் சுத்தமான துணியின்மேல் ஒன்றன்மேலொன்று படாமல் பரப்பி, நாளுக்கிருமுறை புரட்டிவிடவேண்டும். கையில் எடுத்து நொறுக்கினால் சலசலவென்று பொடியவேண்டும்; வளைந்தால் இன்னும் ஈரம் உண்டு, அப்படியே அடைத்தால் பூசணம் பிடிக்கும். ஐப்பசி அடைமழையில் உலர்த்த முயல்வதைவிடப் பச்சையாகவே உபயோகிப்பது மேல். உலர்ந்ததை இறுக மூடும் தகர டப்பாவில், அடுப்புக்கு எட்ட வைத்தால் ஆறு மாதம் மணம் மாறாது.

காய்ச்சும் முறையில் அநேகர் தவறுகிறார்கள். துளசி, புதினா, எலுமிச்சம்புல் ஆகியவற்றைத் தேயிலைத் தூள்போல் கொதிக்கவிடலாகாது. கொதித்த ஜலத்தை அடுப்பிலிருந்து இறக்கி, குவளைக்கு ஒரு சிட்டிகை சருகு அல்லது ஏழெட்டுப் பச்சையிலை போட்டு, தட்டால் மூடி ஐந்து நிமிஷம் வைத்து வடிகட்டவேண்டும். சுக்கு மாத்திரம் தட்டிப்போட்டுச் சிறுதீயில் பத்து நிமிஷம் காயவேண்டும். வேண்டுமானால் பனைவெல்லம் சிறிது சேர்க்கலாம்.

தேயிலையை அடியோடு விட மனமில்லாதவர் காலைக் குவளையை மாத்திரம் வைத்துக்கொண்டு மற்றவற்றை மாற்றிப் பார்க்கலாம். அக்காலைக் குவளையையும் கேழ்வரகுக் களியோடும் கீரையோடும் சேர்த்துக் குடியாமல் ஒருமணி நேரம் தள்ளிக் குடிக்கவேண்டும். தேயிலையின் துவர்ப்பு உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேராமல் தடுக்கும். இரத்தக்குறைவுள்ள பெண்கள் இதைக் கண்டிப்பாகக் கவனிக்கவேண்டும். துளசி விதையை ஆடியில் தூவி, எலுமிச்சம்புல்லையும் அம்மழையிலேயே ஊன்றினால், தைப் பொங்கலுக்குள் இரண்டிலும் பறிப்புக் கிடைக்கும்.