கடையில் ஒரு மணம்... கையில் ஒரு மணம்! அத்தர் ஏன் மாறுது?

கடையில் முகர்ந்தபோது அசத்திய அத்தர், வீட்டில் பூசினால் வேற மாதிரி மணக்குதா? கடைக்காரர் ஏமாத்திட்டார்னு உடனே முடிவு செய்ய வேண்டாம்.

உத்தரப்பிரதேசத்தின் கன்னௌஜில் பூக்களைச் செம்புப் பானையில் நீரோடு காய்ச்சி, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி அத்தர் தயாரிக்கிறார்கள். ஆல்கஹால் கலக்காததால் மணம் மெதுவாகத்தான் விரியும்.

உடல் சூட்டில் லேசான மூலக்கூறுகள் முதலில் பறந்துவிடும். சந்தனம் போன்ற கனமானவை மணிக்கணக்கில் தங்கும். வறண்ட சருமத்தில் மணம் சீக்கிரம் போயிடும். எண்ணெய்ப்பசை உள்ள சருமத்தில் அதிக நேரம் நிற்கும்.

அப்போ எப்படி வாங்குவது? கையில் ஒரு சொட்டு தடவி, சில மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்க. அப்பவும் பிடித்திருந்தால் வாங்கலாம். தடவிய இடத்தில் அரிப்போ சிவப்போ வந்தால், எவ்வளவு நல்ல மணமானாலும் வேண்டாம்.