கடல் வாசல் - 7: அலையில் தொடங்கி ஜீரோ கேட் வரை

மதராசுக்குக் கப்பலில் வந்தவர்கள் கரையில் கால் வைப்பதற்குள் தொப்பலாக நனைந்துவிடுவார்கள். லண்டனிலிருந்து மாதக்கணக்கில் கடலில் வந்த கப்பல், கோட்டை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நங்கூரம் போட்டுவிடும். அதற்கு மேல் ஓர் அடி வராது. கப்பலுக்கும் கரைக்கும் நடுவே அடுக்கடுக்காய் எழுந்து உடையும் அலைகள். கம்பெனி துரையானாலும் சரி, துணிப் பொதியானாலும் சரி, மீனவர்களின் படகில் ஏறித்தான் அந்த அலையைத் தாண்டியாக வேண்டும்.

அந்தப் படகுக்கு மசூலா என்று பெயர். ஓர் ஆணிகூட இருக்காது. பலகைகளைக் கயிறு போட்டுத் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த ஐரோப்பியப் படகு அந்த அலையில் மோதினால் பிளந்துவிடும். தைத்த படகோ நெளிந்து கொடுத்துத் தப்பிக்கும். படகு கவிழ்ந்தால் ஆளை மீட்க, கூடவே கட்டுமரங்கள் வரும். தரை தட்டியதும் பயணிகளைத் தோளில் தூக்கிக் கரை சேர்ப்பார்கள். கடல் கொந்தளித்தால் நாட்கணக்கில் படகு இறங்காது. சரக்கோடு கப்பல் வெளியே ஆடிக்கொண்டிருக்கும்.

கிழக்கிந்தியக் கம்பெனி இந்த மணல்வெளிக்கு வந்தது 1639இல். துறைமுகமே இல்லாத ஒரு துறைமுக நகரம் அதன்பிறகு 200 ஆண்டுகளுக்கு மேல் இப்படியே பிழைத்தது. 1861இல் கடலுக்குள் நீளும் ஓர் இரும்புப் பாலம் எழுந்தது. 1868, 1872ஆம் ஆண்டுகளின் புயல்கள் அதைப் பயனற்றதாக்கின. அலைக்குள் பாலம் போட்டால் போதாது, அலையையே வெளியே நிறுத்த வேண்டும் என்ற முடிவுக்கு அரசு வந்தது.

சென்ற வாரம் கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினாரே வேல்ஸ் இளவரசர், அவர் அதே 1875 டிசம்பரில் மதராசுக்கும் வந்து இங்கும் ஒரு கல் நாட்டினார். பொறியாளர் வில்லியம் பார்க்ஸின் திட்டப்படி கடலை அணைக்கும் இரண்டு கைகள்போல் இரண்டு சுவர்கள். நடுவில் கிழக்கு பார்த்த வாசல். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் அடித்த புயல் சுவர்களைச் சின்னாபின்னமாக்கியது. திரும்பக் கட்டினார்கள். கட்டிய பிறகுதான் தெரிந்தது, வாசலையே தப்பான திசையில் வைத்துவிட்டார்கள் என்று. வங்கக் கடலின் அலை நேராக உள்ளே புகுந்து, பாதுகாப்புக்காக வந்த கப்பல்களை உள்ளேயே உலுக்கியது.

1904இல் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அந்தத் தவறைத் திருத்தினார். கிழக்கு வாசலை அடைத்து, வடகிழக்கில் புது வாசல் திறந்தார். கப்பல்கள் அமைதியாக நின்று சரக்கு இறக்க இடம் கிடைத்தது. அலையைத் தாண்டவே பிறந்த மசூலாவுக்கு இனி வேலை இல்லை.

ஆனால் சுவர் அலையை மட்டும் நிறுத்தவில்லை.

சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். குறுக்கே சுவர் எழுந்ததும் மணல் அதன் தெற்குப் பக்கம் குவிந்தது. ஒருகாலத்தில் கோட்டைச் சுவரருகே அலை வந்து மோதியது; இன்று கடலைப் பார்க்க அங்கிருந்து வெகுதூரம் நடக்க வேண்டும். 1884இல் ஆளுநர் கிராண்ட் டஃப் மெரினா என்று பெயரிட்ட கடற்கரை, துறைமுகம் கொடுத்த மணலில்தான் இவ்வளவு அகலமானது. வடக்கே நடந்தது இதற்கு நேர்மாறு. வர வேண்டிய மணல் வராததால் ராயபுரம் தொடங்கி வடக்கே மீனவக் குப்பங்களின் கரையைக் கடல் தின்றது. அன்றிலிருந்து கல் கொட்டுவதும், அரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு எனும் கல் சுவர் கட்டச் சொல்லி மக்கள் சாலையில் உட்காருவதும் வடசென்னையில் ஓயவில்லை. தெற்கே சுண்டலும் பட்டமும், வடக்கே கருங்கல். இரண்டுக்கும் காரணம் ஒரே சுவர்.

சுவருக்குள் கப்பல் நின்றுவிட்டது. அடுத்த சிக்கல், அதற்குள் இருப்பதை எப்படி இறக்குவது என்பது. மூட்டை, பீப்பாய், மரப்பெட்டி, இரும்புக் கட்டு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. கேங் கேங்காக ஆட்கள் கப்பலின் வயிற்றுக்குள் இறங்கிக் கொக்கி மாட்டி ஏற்றுவார்கள். கடலில் ஓட வேண்டிய கப்பல் கரையில் கட்டிக்கிடந்தே நாளைக் கழிக்கும். உலகமெங்கும் இதே கதைதான்.

கதையை மாற்றியவர் கப்பல்காரர் அல்ல, லாரிக்காரர். அமெரிக்காவில் லாரி நிறுவனம் நடத்திய மால்கம் மெக்லீன், லாரியின் பெட்டியை மட்டும் கழற்றிக் கப்பலில் ஏற்றினால் என்ன என்று யோசித்தார். 1956 ஏப்ரல் 26 அன்று 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 இரும்புப் பெட்டிகளோடு நியூஜெர்சியிலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. சில்லறைச் சரக்கைக் கையால் ஏற்ற அன்று டன்னுக்கு 5.86 டாலர் ஆனது. பெட்டியில் போட்டு ஏற்றியபோது ஆன செலவு 16 சென்ட்டுக்கும் குறைவு.

சென்னை அந்தப் பெட்டிக்குத் தனி இடம் ஒதுக்க மேலும் 27 ஆண்டுகள் ஆயின. இருந்தும் இந்தியாவில் அதுதான் முதல். கண்டெய்னருக்கென்றே கட்டிய நாட்டின் முதல் முனையத்தை 1983 டிசம்பர் 18 அன்று பிரதமர் இந்திரா காந்தி சென்னையில் திறந்து வைத்தார். 2001இல் முனையத்தை இயக்கும் பொறுப்பு தனியாருக்குப் போனது. 2009இல் இரண்டாவது முனையமும் வந்தது. பெரிய க்ரேன் நான்கு மூலைகளையும் கவ்விப் பெட்டியைத் தூக்கி ட்ரெய்லரின் முதுகில் வைக்கச் சில நிமிடங்களே போதும்.

இதன் பலன் துறைமுகத்துக்கு வெளியே, நாற்பது கிலோமீட்டர் தள்ளித் தெரிந்தது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை ஓடத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் கார், டயர், மின்னணுப் பொருள் செய்யும் ஊர்களாயின. உதிரிப் பாகம் கப்பலில் வரும், முழுக் கார் கப்பலில் போகும். ஏரிப் பாசன ஊர்களைத் தொழிற்பேட்டைகளாக்கியதில் நிலத்துக்கும் சலுகைக்கும் பங்குண்டு. பக்கத்திலேயே ஒரு துறைமுகம் இருந்ததற்கும் அதே அளவு பங்குண்டு.

அலையைச் சுவர் தீர்த்தது, சரக்கைப் பெட்டி தீர்த்தது. மூன்றாவது முடிச்சு சாலையில் விழுந்தது.

காசிமேட்டுப் பக்கம் 'ஜீரோ கேட்' என்றால் ட்ரெய்லர் ஓட்டுநர்கள் எல்லோருக்கும் தெரியும். கண்டெய்னர் வண்டிகள் ஹார்பருக்குள் நுழையும் வாசல் அது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்த வாசலில் தொடங்கும் வரிசை எண்ணூர் விரைவுச் சாலையில் கிலோமீட்டர் கணக்கில் நீண்டு திருவொற்றியூரைத் தாண்டும். தொழிற்சாலையிலிருந்து இரண்டு மணி நேரத்தில் வந்த பெட்டி, கேட்டுக்கு வெளியே ஒரு நாளுக்கு மேல் நின்றது. ஓட்டுநர்கள் வண்டி நிழலிலேயே ஸ்டவ் பற்றவைத்துச் சமைத்தார்கள். பெட்டி வருவதற்குள் கப்பல் கிளம்பிவிட்டால் ஏற்றுமதியாளர் அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும்.

காரணம் எளியது. துறைமுகத்துக்கு ஒரு பக்கம் கடல், மற்ற மூன்று பக்கமும் ஊர். பகலில் கனரக வண்டிகளை நகருக்குள் விட முடியாது. எண்ணூர், மணலிச் சாலைகளை அகலப்படுத்தும் திட்டம், வீடிழக்கும் மீனவக் குடும்பங்களுக்கு மாற்றிடம் தரும் சிக்கலில் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்கு 19 கிலோமீட்டர் பறக்கும் சாலை என்று 2009இல் அடிக்கல் நாட்டினார்கள். தூண்கள் கூவம் ஆற்றுக்குள் நிற்கின்றன, வெள்ளத்தைத் தடுக்கும் என்று சொல்லி மாநில அரசு 2012இல் வேலையை நிறுத்தியது. வழக்கு நடந்தது, ஆட்சிகள் மாறின. பாதியில் நின்ற தூண்கள் மட்டும் சாக்கடை நீரில் நிழல் விழ நின்றுகொண்டிருந்தன.

துறைமுகம் சும்மா இருக்கவில்லை. தூசு பறக்கும் நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவு சென்னையை விட்டு வெளியேற்றியது. ராயபுரத்து வீடுகளின் மொட்டை மாடியில் கரித்தூள் படிவது குறைந்தது. துறைமுகத்துக்குப் பெரிய வருமானம் போனது. கேட்டில் காகிதம் பார்த்து முத்திரை குத்திய இடத்தில் வண்டியை அடையாளம் காணும் மின்னணுக் கருவிகள் வந்தன. இறக்குமதிப் பெட்டி இடையில் எந்தக் கிடங்கிலும் தங்காமல் நேராகத் தொழிற்சாலைக்குப் போக வழி செய்தார்கள்.

2022 மே 26 அன்று பறக்கும் சாலைக்கு மறுபடியும் அடிக்கல் நாட்டப்பட்டது. இம்முறை 20.5 கிலோமீட்டர், இரண்டு அடுக்கு. கீழ் அடுக்கில் நகரத்து வண்டிகள், மேல் அடுக்கில் துறைமுகத்து ட்ரெய்லர்கள். அதே நாளில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மப்பேட்டில் பெட்டிகளைச் சேர்த்துப் பிரித்து அனுப்பும் சரக்குப் பூங்காவுக்கும் அடிக்கல் விழுந்தது. கூவத்துக்குள் தூண் இறக்கும் எந்திரங்கள் திரும்ப வந்தன.

இதற்கிடையில் கப்பல்கள் வேறொரு வாசலைக் கண்டுபிடித்திருந்தன. சென்னையிலிருந்து வெளியேறிய நிலக்கரி போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று, வடக்கே 20 கிலோமீட்டர் தொலைவில், அனல்மின் நிலையத்துக்கென்றே 2001இல் பிறந்த ஒரு துறைமுகம். பழைய ஊரின் நெருக்கடி அங்கே இல்லை. அங்கே இருந்தது ஓர் ஆறு, ஒரு கழிமுகம், அதை நம்பி இறால் பிடித்தவர்கள்.

(அடுத்த வாரம்: எண்ணூர்)